நானே நின்று போடவைத்த எண்பத்தேழு கையெழுத்து

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கே எங்கள் இருவருக்கும் உடம்புக்கு ஒரு குறையுமில்லை, எனக்கு வயிறுதான் பற்றி எரிகிறது. நான் தலைமை ஆசிரியராக இருந்த பள்ளிக்கூடத்தை மூடி ஆறு வருஷமாகிறதே, அந்தக் கட்டடத்தை ஒரு கம்பெனிக்குச் சரக்கு அடுக்க இருபது வருஷக் குத்தகைக்கு விடப் போகிறார்களாம், அனுமதி கேட்டு நகராட்சி மாநில அரசுக்கு எழுதிவிட்டது. வேலைக்குப் போகிற பெண்களின் குழந்தைகள் பதினொன்றை உன் அம்மா அங்கே ஒன்றாம் வகுப்பு அறையில் வைத்துப் பார்த்துக்கொள்கிறாளே, அதுகள் எங்கே போகும் என்று கேட்டால், அதெல்லாம் ஃபைல்ல வராது சார் என்கிறான் எழுத்தர். அவனும் என்னிடம் படித்தவன்தான், அன்றைக்கே பெஞ்சு மேல் ஏற்றியிருக்க வேண்டும்.

இதைவிடக் கேவலம் கேள். அந்தக் கோப்பின் நகலை வாங்கி வந்து பார்த்தால், ஊர்மக்கள் சம்மதம் என்று எண்பத்தேழு கையெழுத்து இருக்கிறது, முதலாவது என்னுடையது. போன மாதம் கருத்துக் கேட்கிறோம் என்று கூட்டம் போட்டார்களே, அன்று வாசலில் தலைப்பில்லாத தாளை நீட்டி வருகைப் பதிவு என்றார்கள். நானும் பழக்க தோஷத்தில் கதவருகே நின்றுகொண்டு, கையெழுத்துப் போடாமல் ஒருத்தரும் உள்ளே போகக் கூடாது என்று எல்லோரையும் வரிசையில் நிறுத்திப் போட வைத்தேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது இதுதான். உள்ளே அத்தனை பேரும் எதிர்த்துப் பேசினோம், அதில் ஒரு வரிகூடக் கோப்பில் இல்லை, அயோக்கியர்கள்.

எண்பத்தேழு பேரும் தனித்தனியாக மறுப்பு எழுதித் தந்தால்தான் அந்தத் தாளைக் கோப்பிலிருந்து எடுப்பார்களாம். ஒன்பது நாளாக வீடு வீடாக ஏறி இறங்குகிறேன். நீங்க சொல்லித்தானே சார் அன்னைக்குப் போட்டேன், இப்பவும் நீங்கதான் போடச் சொல்றீங்க என்றார் தையல்காரர், எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. என்னுடையதோடு எண்பத்தாறு சேர்ந்துவிட்டது. பாக்கி ஒன்று உன்னுடையது. லீவில் வந்திருந்த உன்னையும் இழுத்துக்கொண்டு போய் இரண்டாவதாக நிற்க வைத்தேனே. என் கையெழுத்தைப் பார்த்து அரை மணி நேரம் திட்டிய உன் அம்மா, உன்னுடையதைப் பார்த்ததும் தாளை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

வருகிற வெள்ளிக்கிழமைக்குள் இங்கே கிடைக்கும்படி மறுப்புக் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பு, மறந்துவிடாதே. தீர்க்காயுசாக இரு. உன் மேல் எனக்குக் கோபமில்லை அம்மா, அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிப் போட்டாய். இனிமேல் நானே நீட்டினாலும் படித்துப் பார்க்காமல் போடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா