காத்து நிற்காத கேள்வி

12 ஜூன் 1997, வியாழன்
ராஜபாளையம் ஆஸ்பத்திரிக்கு நான் எழுதிக் கொடுத்த புரோகிராமை இன்று, வரவேற்பில் நோயாளிகளுக்குச் சீட்டு போடும் வேலுத்தாய் அக்கா சுவிட்சோடு அணைத்துவிட்டார். ரத்தம் கொடுப்பவர்களைத் தேடச் சொன்னால், உள்ளறையில் இருக்கும் பெரிய கம்ப்யூட்டர் பதில் அனுப்பும்வரை வரவேற்பில் இருக்கும் திரை அசையாது. நாற்பது நொடி!

"செத்துப்போச்சுன்னு நெனச்சேன் கிருபா. சீட்டுப் போட அம்புட்டு சனம் நிக்குது, நான் எம்புட்டு நேரம் அதையே பாத்துட்டு இருக்க?"

13 ஜூன்
கேள்வியை அனுப்பிய புரோகிராம் ஏன் பதில் வரும்வரை வாசலிலேயே நிற்க வேண்டும்?

16 ஜூன்
வழி இருக்கிறது! தடித்த கையேட்டில், ஒரு மூலையில். கட்டளையை அனுப்பியதும் புரோகிராம் உடனே திரும்பி வந்து தன் வேலையைப் பார்க்கலாம்; அரை நொடிக்கு ஒருமுறை 'முடிந்ததா?' என்று கேட்டுக்கொண்டால் போதும். ஆனால் பெரிய கம்ப்யூட்டருக்குப் போகும் ஓர் இணைப்பில் ஒரு நேரத்தில் ஒரு கட்டளைதான். அப்படியானால் சீட்டுக்குத் தனி இணைப்பு... பஸ்ஸில் இதை யோசித்தபடியே, இறங்க வேண்டிய ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டி கிருஷ்ணன்கோவிலில் போய் இறங்கினேன்.

19 ஜூன்
ஓடுகிறது. தேடல் நடக்கும்போதே அக்கா மூன்று சீட்டு போட்டார். "ஏட்டி, இது பொட்டி இல்லட்டி, ரெண்டு ஆளு!"

24 ஜூன், செவ்வாய்
அக்கா 'பி நெகட்டிவ்' தேடியிருக்கிறார். பதில் வருவதற்குள், சுந்தரபாண்டியத்திலிருந்து பிரசவத்துக்கு வந்த பெண்ணுக்கு அவசரமாக 'ஓ நெகட்டிவ்' வேண்டுமென்று நர்ஸ் வந்து சொல்ல, திரையில் ரத்த வகை எழுதும் கட்டத்தை மாற்றினார். தேடு பொத்தானை அழுத்தும் முன்பே பட்டியல் வந்துவிட்டது. தலைப்பில் 'ஓ நெகட்டிவ்'. கீழே எல்லாம் பி நெகட்டிவ் ஆட்கள். போன் போட்டு அழைத்த சோலைராஜ் என்பவர் மில்லிலிருந்து ஓடி வந்து, "நான் எப்பவும் பி நெகட்டிவ்தானேக்கா" என்றாராம். ஒரு மணி நேரம் போச்சு. வேறொருவர் கிடைத்து, தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். கிடைக்காமப் போயிருந்தா?

டாக்டரிடம் அக்கா முந்திக்கொண்டார்: "நாந்தான் சார் மாத்தி அமுக்கிட்டேன்."

ஒரு கணம், பழி அக்கா மேலேயே இருக்கட்டும் என்று நினைத்தேன். அதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. பிறகு சொன்னேன், "இல்ல சார், தப்பு என் புரோகிராம்லதான். பதில் வந்தப்போ கட்டத்துல என்ன இருக்கோ அதையே தலைப்பா எழுதிருச்சு. எதைக் கேட்டோம்னு அதுக்கு ஞாபகம் இல்ல."

அவர் திட்டவில்லை. "சரி பண்ற வரைக்கும் பழைய நோட்டுலயே தேடுங்க" என்றார். திட்டியிருக்கலாம்.

27 ஜூன்
இப்போது ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் எண். கேட்டது எதுவோ அது அந்த எண்ணோடேயே இருக்கும். பதில் வந்தால் அதன் தலைப்பு அங்கிருந்துதான் வரும், கட்டத்திலிருந்து அல்ல. தேடலைப் பாதியில் கைவிட 'வேண்டாம்' என்று ஒரு பொத்தானும் வைத்தேன். "நீங்களே சோதிச்சுப் பாருங்கக்கா, நல்லாருக்குன்னு நீங்க சொன்னாத்தான் மறுபடி ஓட்டலாமான்னு டாக்டர்ட்ட கேப்பேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

3 ஜூலை
அக்கா ஒரு தாள் கொடுத்தார். வேண்டுமென்றே நடுவில் கட்டத்தை மாற்றிப் பத்துத் தடவை ஏமாற்றப் பார்த்திருக்கிறார். பத்துக்கும் நேராக 'சரி'. அதற்குக் கீழே, அடித்துத் திருத்தி, ஒரு வரி:

'வேண்டாம்னு அமுக்குன அதே நேரத்துல பதிலும் வந்துட்டா, அது எதைக் கேக்கும்?'

நான் அதை யோசிக்கவே இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அக்காவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.