மேடை ஏறாதவருக்கு இடமில்லை

7 பிப்ரவரி 1993, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்ததும் சோற்றை வடித்து வைத்துவிட்டுக் கரையான்சாவடிக்கு ஓடினேன். பக்தவத்சலம் அரிசி மில்லின் களத்தில் நெல் காயாத நாள்தான் எங்கள் நாடகக் குழுவுக்கு ஒத்திகை நாள். செங்கல்வராயன் அண்ணன் ஒரு செய்தித்தாள் துண்டை விரித்துக் காட்டினார். அவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிற டர்னர். எங்களுக்கு நாடகம் எழுதுவதும் இயக்குவதும் அவர்தான். நாடகக் குழுக்களுக்கு அரசு மானியமாம். சங்கத்தைப் பதிவு செய்து மூன்று வருடம் ஆகியிருக்க வேண்டுமாம். எங்களுக்கு ஆகிவிட்டது!

"இதுவும் இல்லன்னா மூடிகினு போவ வேண்டியதுதான். லைட்டு, மைக்கு எல்லாத்துக்கும் எத்தினி நாளிக்கு நம்ம சம்பளத்தையே போடறது?" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். விளையாட்டாகத் தெரியவில்லை.

டைப் அடிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்தி. அதனால் வேலை என் தலையில். செயலாளர் என்று மூன்று வருடமாகப் பேர் வைத்துக்கொண்டிருக்கிறேன், ஒரு நாளாவது அதற்கு உழைக்க வேண்டாமா?

12 பிப்ரவரி

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கம்பெனி மெஷினிலேயே விண்ணப்பத்தை அடித்தேன். 'குழுவின் நோக்கம்' என்ற இடத்தில் வந்து நின்றுவிட்டேன். பஸ்ஸில் பேபியைக் கேட்டேன். எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைக்கிறவள், எங்கள் எல்லா நாடகத்துக்கும் கதாநாயகி.

"வேல முடிஞ்சி ஊட்டுக்குப் போறதுக்குள்ள கொஞ்ச நேரம் வேற யாராவோ இருந்து பாக்கறதுக்கு. அப்டி போடுக்கா."

இதை அரசாங்கத்துக்கு எப்படி எழுதுவது? — அப்படியேதான் எழுதினேன். 'ஊட்டுக்கு' மட்டும் 'வீட்டுக்கு' ஆயிற்று.

24 பிப்ரவரி, புதன்

லீவு போட்டுவிட்டு சென்னை அலுவலகத்துக்குப் போனேன். பார்த்தசாரதி என்று ஓர் அதிகாரி. நல்ல மனிதர், உட்காரச் சொன்னார். கமிட்டி உறுப்பினர்களைப் படித்துக்கொண்டே வந்தார். கண்டக்டர், டர்னர், டெய்லர், டைப்பிஸ்ட்.

"எல்லாருமே நாடகத்துல இருக்கிறவங்கதானா? அப்ப நிர்வாகம் யாரும்மா பண்றது?"

"நாங்கதான் சார்."

"அதில்லம்மா... தலைவர்னு ஊர்ல ஒரு பெரிய மனுஷர் பேர் இருந்தா மேல இருக்கிறவங்களுக்கு ஒரு நம்பிக்கை வரும். விதி ஒண்ணும் கிடையாது. அனுபவத்துல சொல்றேன்."

பெரிய மனுஷர் இல்லாமலே இத்தனை நாடகம் போட்டோமே! பஸ் ஏறும்போது நல்ல கோபம். குமணன்சாவடி வருவதற்குள் பசி வந்து கோபத்தைத் தள்ளிவிட்டது.

28 பிப்ரவரி, ஞாயிறு

கூட்டம். செய்தி எப்படியோ எங்களுக்கு முன்னால் களத்துக்குப் போயிருந்தது. மில் முதலாளி பக்தவத்சலம் வெள்ளைச் சட்டையில் வந்து நின்றார். பின்னால் அவர் ஆள் கையில் மாலை!

"மொதல்லேருந்து எடம் குடுத்தவன் நானு. தலைவராவும் நானே இருந்துர்றேன். இன்னா, சரிதானே?"

இப்போதைய தலைவர் கன்னியப்பன், எங்கள் கண்டக்டர், ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "எடுத்துக்கோ அண்ணாத்தே. எனக்கு அந்த விசிலே போதும்."

"அப்புறம், இந்தத் தண்ணி லாரி சண்டையெல்லாம் கவர்மெண்டுக்குக் காட்ட வேணாம். சாமி கதையா ஒண்ணு போடுங்க."

செங்கல்வராயன் அண்ணன் முகம் சுருங்கிப் போயிற்று. ஒரு கோடை முழுக்கக் குடத்தோடு நின்று நின்று எழுதிய நாடகம் அது. எனக்குப் பொறுக்கவில்லை. "நம்ம சங்க விதிப்படி மேடை ஏறாதவருக்குக் கமிட்டியில இடமில்லீங்க" என்றேன். பதிவு செய்த அன்று நானே அடித்த விதி.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அப்டியா? நீ எந்த நாடகத்துல ஏறினே?"

மூன்று வருடமாக நான் திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுக்கிறவள். அவ்வளவுதான்.

"நாளையிலேருந்து களத்துல நெல்லு காயும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மாலையும் அவர் பின்னாலேயே போயிற்று.

ஐயோ, வாய வச்சிகினு சும்மா இருந்திருக்கக் கூடாதா நான்? இடமும் போச்சு, மானமும் போச்சு.

2 மார்ச்

நெல் காய்கிறது. பஸ்ஸிலிருந்து பார்த்தேன்.

7 மார்ச், ஞாயிறு

கன்னியப்பன் வீட்டு மொட்டை மாடியில் ஒத்திகை. செயலாளர் பதவியை விட்டுவிடுவதாகக் காகிதத்தை நீட்டினேன். செங்கல்வராயன் அண்ணன் அதை மடித்து விசிறிக்கொண்டார். "ராஜினாமா எதுக்கு? நடிச்சிட்டுப் போயேன்."

தண்ணி வரிசையில் நிற்கும் பெண் வேஷம். ஒரே வசனம். "யோவ், என் குடத்த எவன்யா நவுத்தினது?" ஆறு தடவை சொல்லிப் பார்த்தேன். ஆறு தடவையும் ஜெபம் பண்ணுவது போலவே இருந்ததாம்.

அப்போது படியில் சத்தம். பக்தவத்சலம்! மூச்சு வாங்க ஏறி வந்தார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று பேபி எழுந்தே விட்டாள். அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, எங்களைப் பார்க்காமல் தெருவைப் பார்த்தபடி சொன்னார்:

"மூணு வருசமா மில்லு ஜன்னல்லேருந்து பாத்துகினு கீறேன்பா. தலைவர் போஸ்ட்டுன்னா வாயத் தொறந்து கேட்டுறலாம். நடிக்க வெச்சுக்கோங்கன்னு எப்டிபா கேக்கறது, இந்த வயசுல? அதான்... விதி கீதே. எனக்கும் ஒரு வேசம் குடுங்க."

கன்னியப்பன்கூட நக்கல் அடிக்கவில்லை.

28 மார்ச்

விண்ணப்பம் பழைய பெயர்களோடேயே போகட்டும், தலைவர் கன்னியப்பனே என்று முடிவாயிற்று. எல்லாரும் கை தூக்கினோம். பக்தவத்சலத்துக்கு இன்னும் ஓட்டு இல்லை. இருந்தாலும் தூக்கினார். மானியம் போனாலும் போகட்டும், பொய்ப் பெயர் வேண்டாம் என்று சொன்னது என்னவோ எல்லாரும்தான். நாளைக்குத் தபாலில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும்.

18 ஏப்ரல்

மறுபடி களத்திலேயே ஒத்திகை. பக்தவத்சலத்துக்கும் ஒரு வசனம்தான்: "லாரி வந்துருச்சு, வரிசைல நில்லுங்க!" அதை மில் வாசலில் நின்று முழுக் குரலில் பழகியிருக்கிறார். தெருப் பெண்கள் நிஜக் குடங்களோடு ஓடி வந்து, அவரைத் திட்டித் தீர்த்துவிட்டுப் போனார்களாம். "நம்பிட்டாங்கபா!" என்று அவருக்கு ஒரே சந்தோஷம்.

9 ஜூன்

கடிதம் வந்தது. இருபதாம் தேதி நாடகத்தை நேரில் பார்க்க ஒருவரை அனுப்புகிறார்கள். அன்றைக்கு எனக்குக் காய்ச்சல் வரும் என்று வீட்டில் சொல்லி வைத்தேன். "ஊட்ல பேசறதுல பாதி பேசு, போதும்" என்கிறார் என் கணவர் பால்ராஜ்.

20 ஜூன், ஞாயிறு

எழுதி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் நானே நாளைக்கு நம்ப மாட்டேன்.

களம் நிறைய ஜனம். பார்க்க வந்தவர் கைத்தறிப் புடவை கட்டிய ஒரு பெரியம்மா. வெயில் தாழ்ந்ததும் ஆரம்பித்தோம். வரிசையில் பக்தவத்சலம், அவருக்குப் பின்னால் நான். அவர் வசனம் சொன்னால்தான் லாரி டிரைவர் கன்னியப்பன் உள்ளே வர முடியும். அந்த இடம் வந்தது. அவர் வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். கழுத்தெல்லாம் வியர்வை. முடிந்தது என்று நினைத்தேன். போச்சு, எல்லாம் போச்சு.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ! மூன்று வருடப் பழக்கம், மேடையில் நிற்கிறோம் என்பதே மறந்துபோய், திரைக்குப் பின்னால் சொல்வது போல, ஆனால் உரக்க: "ஐயா, லாரி வந்துருச்சுன்னு சொல்லுங்க!"

ஜனம் கொல்லென்று சிரித்தது. பக்தவத்சலம் மெதுவாக என் பக்கம் திரும்பினார். "அதான் நீயே சொல்லிட்டியே! ஊட்லயும் பேச உட மாட்றீங்க, ரோட்லயும் பேச உட மாட்றீங்க!"

அதற்குப் பிறகு யார் என்ன சொன்னாலும் சிரிப்புதான். என் வசனத்தையும் சொன்னேன். ஜெபம் மாதிரி இல்லை. பால்ராஜ் விசில் அடித்தாராம், எனக்குக் கேட்கவில்லை.

முடிந்ததும் அந்த அம்மா கேட்டார், "அந்த இடம் எழுதினதா, தானா வந்ததா?"

செங்கல்வராயன் அண்ணனுக்குப் பொய் வராது. "மறந்துட்டாரும்மா."

"இனிமேலும் மறக்கச் சொல்லுங்க."

பிறகு, "தலைவர் யாரு?" என்றார். கன்னியப்பன் பாதி உரிந்த ஒட்டு மீசையோடு முன்னால் வந்து, கண்டக்டர் என்று சொல்லிக்கொண்டார். அந்த அம்மா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எந்த ரூட்டு?" என்று மட்டும் கேட்டார்.

இதற்கு என்ன அர்த்தம்?

21 ஜூன்

இன்னும் அதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். எந்த ரூட்டாக இருந்தால் என்ன?

14 அக்டோபர்

கிடைத்துவிட்டது! கேட்டதில் பாதி. பாதி போதும், பாதி நிறைய! மூன்று வெளியூர்களில் நாடகம் போட வேண்டும் என்று நிபந்தனை. பேபி பஸ் ஸ்டாண்டிலேயே என்னைத் தூக்கிச் சுற்றினாள். என் டிபன் பாக்ஸ் நசரத்பேட்டை ரோட்டில் உருண்டது.

9 ஜனவரி 1994

திருவள்ளூர், அரக்கோணம், வேலூர். பொங்கலுக்கு அடுத்த வாரம் மூன்று நாள். எனக்கும் பேபிக்கும் லீவு கிடைத்துவிட்டது. பக்தவத்சலம் வருவது சந்தேகம். அறுவடை நெல் வந்து குவிகிற மாதம். அவருடைய மில் இந்த மாதத்தில் நின்றதே இல்லை. நாங்கள் வற்புறுத்தவில்லை. அவர் வசனத்தைக் கன்னியப்பன் மச்சான் பழகிக்கொண்டிருக்கிறார்.

21 ஜனவரி 1994, வெள்ளி

வேனில் உட்கார்ந்து எழுதுகிறேன், கிறுக்கலாக இருக்கும். காலையில் சாமான் ஏற்ற மில் வாசலில் எல்லாரும் கூடினோம். மெஷின் சத்தமே இல்லை. வெளியே நெல் மூட்டையோடு இரண்டு மாட்டு வண்டிகள் நின்றன. வண்டிக்காரர்கள் கதவில் மாட்டியிருந்த பலகையை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார்கள். நானும் போய்ப் பார்த்தேன். சாக்பீஸில், கொட்டை எழுத்தில்:

'நாடகம் காரணமாக மில் மூன்று நாள் இயங்காது. இப்படிக்கு, பக்தவத்சலம், நடிகர்.'