முந்திரிக்காட்டில் விழுந்த விமானம்

போன வாரம் வடலூரில் ஒரு கல்யாணம். மண்டபத்து வாசலில் பெண்ணும் மாப்பிள்ளையும் காரிலிருந்து இறங்கும்போது தலைக்கு மேலே வண்டு குடைவதுபோல ஒரு சத்தம் கேட்டது. எல்லாரும் அண்ணாந்து பார்த்துக் கையாட்டினார்கள். படம் பிடிக்கிற ட்ரோனாம். நான் மட்டும் நம் மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்ச் சுவரோரமாக நின்றேன். "என்னம்மா, அது ஒண்ணும் பண்ணாதும்மா" என்று சிரித்தாள். அது தலையில் விழும் என்று நான் பயப்படவில்லை. சத்தம் நின்றால் அது எங்கே போய் விழும், யார் எடுப்பார்கள், எடுத்தவருக்கு என்ன ஆகும் என்றுதான் என் புத்தி ஓடியது.

அறுபத்தைந்தாம் வருஷம் பிடித்த பயம் அது. உங்களுக்குத் தெரியும். அதைப்பற்றி நாம் இருவரும் பிறகு அதிகம் பேசிக்கொள்ளவில்லை. நீங்கள் கண்ணை மூடிய பிறகாவது பேசிவிடலாம் என்று இன்று உட்கார்ந்திருக்கிறேன்.

மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து கல்யாணமாகி நெய்வேலிக் குவார்ட்டர்ஸுக்கு வந்தபோது உள்ளறையில் கட்டிலைப் போட இடமில்லை. சுவரிலிருந்து சுவருக்கு ஒரு பலகை. அதன்மேல் மூங்கில் சீவல், தக்கைபோல எடையே இல்லாத ஏதோ மரத்தின் மெல்லிய தகடுகள், ஒயர்கள், ரேடியோ வால்வுகள். பவர் ஹவுஸில் மீட்டர்களைப் பழுது பார்க்கிற வேலையில் இருக்கிறீர்கள் என்று சொல்லித்தான் பெண் கொடுத்தார்கள். வீட்டில் விமானம் கட்டுகிறீர்கள் என்று யாரும் சொல்லவில்லை.

"கொழந்தைங்க வெளையாடறதுங்களா?" என்று கேட்டேன்.

"பெரியவங்க வெளையாடறது. தரையில நின்னுகிட்டே வானத்துல இருக்கறதைத் திருப்பலாம்" என்றீர்கள். திருச்சிக்காரர் பேச்சு எனக்கு அப்போது புதிது. விமானத்தைவிட அந்தப் பேச்சுதான் பிடித்திருந்தது.

எஞ்சின், ஊருக்குத் திரும்பிப்போன ரஷ்ய என்ஜினியர் ஒருவர் உங்கள் கையில் வைத்துவிட்டுப் போனது. எலுமிச்சம்பழ அளவுகூட இருக்காது. ஈதரும் மண்ணெண்ணெயும் விளக்கெண்ணெயும் கலந்து ஊற்றி, முன்னாலிருக்கும் விசிறியை விரலால் சுண்டினால், தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தும். ஒருமுறை அது உங்கள் விரலைப் பதம் பார்த்தது. நான் மஞ்சள் வைத்துக் கட்டினேன். நீங்கள் இன்னொரு கையால் எஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள்.

பழைய பிஸ்கட் டின்னுக்குள்தான் டிரான்ஸ்மிட்டர். மேலே நீளமாக ஒரு ஏரியல், பக்கத்தில் ஒரே ஒரு பொத்தான். ஒருமுறை அழுத்தினால் விமானத்தின் வால் வலப்பக்கம் திரும்பும், இருமுறை அழுத்தினால் இடப்பக்கம். அதற்கு மேல் அதற்கு ஒன்றும் தெரியாது. அதை வைத்துக்கொள்ள சர்க்கார் லைசென்ஸ் வேண்டும். கேட்டு எழுதிப் போட்டிருந்தீர்கள், பதில் வரவில்லை. "வரும், வரும்" என்று நீங்கள் சொல்ல, எனக்கு ஒவ்வொரு நாளும் தபால்காரர் சைக்கிள் தெருவைத் தாண்டிப் போகும்வரை நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

றெக்கைக்குத் துணி போர்த்தியது நான். என் ரவிக்கைக்கு வாங்கிய நீலப் பட்டு. இழுத்துப் பிடித்து ஒட்டி, துணி விறைக்க மேலே ஒரு வார்னிஷ் பூச வேண்டும். இடது றெக்கை முனையில் துணி போதாமல் போய் ஒரு சின்னத் துண்டு வைத்து ஒட்டினேன். "தெரியுதுங்களா?" என்றேன். "கீழயிருந்து பாக்கறவனுக்குத் தெரியாது" என்றீர்கள்.

கடைசி பிளாக்கைத் தாண்டி இருந்த பொட்டலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைப் பறக்கவிட்டீர்கள். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் நின்றேன். அழகாகத்தான் ஏறியது. பிறகு நீங்கள் பொத்தானை அழுத்துகிறீர்கள், மறுபடி அழுத்துகிறீர்கள், அது திரும்பவில்லை. எஞ்சின் ஓய்ந்த பிறகும் இறங்கவில்லை. வெயிலில் சூடாகி மேலே எழும்பும் காற்று அதைத் தூக்கிக்கொண்டு, வட்டம் போட்டுப் போட்டு, முந்திரிக்காட்டுப் பக்கம் கொண்டுபோயிற்று. "மைன்ஸ் மேல வுழுந்துட்டா? கரண்டுக் கம்பி மேல வுழுந்துட்டா?" என்று நான் கேட்டுக்கொண்டே பின்னால் ஓடி வந்தேன். அன்றும் அடுத்த நாளும் தேடினோம். கிடைக்கவில்லை.

அதன்பிறகுதான் பாகிஸ்தானோடு போர் வந்தது.

ஜன்னல் கண்ணாடிக்கெல்லாம் காக்கிக் காகிதம் ஒட்டினோம். "குண்டு போட்டா மொதல்ல நம்ம பவர் ஹவுஸ் மேலதான்" என்று தெருக்குழாயில் நின்றவர்கள் பேசிக்கொண்டார்கள். ஒற்றன் என்ற சொல் காய்கறிக் கடையில்கூடப் புழங்கியது. வீட்டில் உள்ளறைப் பலகையின் அடியில் அந்த பிஸ்கட் டின் இருந்தது. கதவு தட்டப்படும்போதெல்லாம் நான் முதலில் அதைத்தான் பார்ப்பேன். கிணற்றில் போட்டுவிடலாம் என்றேன். நீங்கள் பேட்டரியைக் கழற்றி வைத்தீர்கள், ஏரியலைக் கழற்றி வைத்தீர்கள், ஆனால் டின்னைத் தூக்கிப் போட உங்களுக்குக் கை வரவில்லை.

அந்த வாரத்தில்தான் எதிர்வீட்டு மங்களம் அக்கா மூச்சிரைக்க வந்தார். "கேட்டியாடி, ஒற்றனைப் புடிச்சுட்டாங்களாம்! மைன்ஸ்ல கான்ட்ராக்ட்ல வேலை செய்யற ஆளாம். அவன் வீட்டுல சின்னதா ஒரு பிளேன் இருந்துச்சாம். உள்ள ஒயரு, பேட்டரி, படிக்கத் தெரியாத எழுத்து எல்லாம் இருந்துச்சாம்."

நீங்கள் ஷிப்ட் முடிந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தீர்கள். சொம்பைக் கீழே வைத்தது நினைவிருக்கிறது. மங்களம் அக்கா போனதும், "நம்மளுதுதான்" என்றீர்கள்.

நமக்கு முன்னால் என்ன இருந்தது என்று நினைத்துப் பார்க்கிறேன். நீங்கள் இன்னும் பெர்மனென்ட் ஆகவில்லை. லைசென்ஸ் இல்லாத டிரான்ஸ்மிட்டர், அதுவும் போர்க்காலத்தில், பவர் ஹவுஸில் வேலை செய்கிறவர் வீட்டில். உள்ளே போனால் வெளியே விடுவார்களா என்று சொல்ல யாருமில்லை. போகாதீர்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் நீங்கள் டின்னை ஒரு துணிப்பையில் வைத்துக்கொண்டிருந்தீர்கள். ஏரியல் பைக்குள் நுழையாமல் நீட்டிக்கொண்டிருந்தது.

"பயமா இல்லீங்களா?" என்றேன்.

"ரொம்ப பயமா இருக்கு. அதனாலதான் இப்பவே போறேன். சாப்பிட்டுட்டுப் போலாம்னு உட்கார்ந்தா எழுந்திருக்க மாட்டேன்."

மகளை மங்களம் அக்காவிடம் கொடுத்துவிட்டு நானும் செருப்பை மாட்டினேன். கிளம்பும்போது தையல் பெட்டியிலிருந்து மீந்துபோன நீலப் பட்டை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். ஏன் என்று அப்போது எனக்கே தெரியாது.

பாதுகாப்பு அதிகாரியின் அறையில் மேசைமேல் நம் விமானம் கிடந்தது. இடது றெக்கை ஒடிந்து, மூக்கு நசுங்கி. சுவரோரம் ஒரு மனிதர் குந்தியிருந்தார். அவர் பெயர் கலியன் என்று பிறகு தெரிந்தது. நம்மைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"சார், அது நான் செஞ்சது" என்றீர்கள்.

அதிகாரி பட்டாளத்தில் இருந்தவர். சத்தம் போடவில்லை. "நல்லா யோசிச்சுச் சொல்லு. இந்த ஆளைக் காப்பாத்தணும்னு சொல்றியா? எஞ்சின்ல இருக்கற எழுத்தைப் பாத்தியா? இதை வீட்டுல உட்கார்ந்து செஞ்சேன்னா நான் நம்பணுமா?"

உங்களுக்குப் பேச்சு வரவில்லை. எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியாது.

"சார், நான் அதைக் கிட்டப் போயிப் பாக்கலீங்க. இங்கருந்தே சொல்றேன். எடது றெக்கை மொனையில தனியா ஒரு துண்டு ஒட்டியிருக்குங்க. துணி பத்தலீங்க. இதோ மிச்சத் துணி" என்று இடுப்பிலிருந்து எடுத்து நீட்டினேன்.

அவர் ஒடிந்த றெக்கையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். நகத்தால் தடவினார். அந்தத் துண்டின் விளிம்பு நகத்தில் தட்டுப்பட்டபோது அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். என் துணியை வாங்கி அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இதுல யாரோட பேசின?" என்று உங்களைக் கேட்டார்.

"பேச முடியாது சார். வாலைத் திருப்பும். அவ்வளவுதான்."

"திருப்பிக் காட்டு."

விழுந்ததில் உள்ளே ஏதோ அறுந்திருந்தது. ஈயம் பற்றவைக்கிற இரும்பு கேட்டீர்கள், ஆள் போய் வாங்கி வந்தார். என்னை வெளியே போய் இருக்கச் சொன்னார்கள்.

வெளியே வேப்பமரத்தடியில் கலியனின் மனைவி நின்றிருந்தார். என் வயதுதான் இருக்கும். நான் யார் என்று வாசலில் இருந்தவர் சொல்லியிருக்கவேண்டும். நேராக என்னிடம் வந்தார்.

"உங்க வூட்டுக்காரரு வெளையாடறதுக்கு எங்க வூட்டுக்காரரு உள்ள குந்திக்கினு இருக்கணுமா? அடுப்புக்கு எலை பொறுக்கப் போனவரு, அழகா கீதுன்னு புள்ளைக்கு எடுத்துக்கினு வந்தாரு. ஊரே எங்க வூட்டைப் பாத்துக் கதவச் சாத்துது."

"அது எங்களுதுன்னு சொல்லத்தான் வந்துகிறோம்" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். இருவரும் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம். உள்ளே நாற்காலி நகர்ந்தால்கூட இருவருக்கும் ஒன்றாகத் தூக்கிப்போட்டது. உங்கள் கை நடுங்கினால் அந்தச் சின்ன ஒயரை எப்படிப் பற்றவைப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டேயிருந்தேன். வேலை போனால் போகட்டும், ஆள் வந்தால் போதும் என்று அங்கேதான் முடிவுக்கு வந்தேன்.

வெயில் சாய்ந்துகொண்டிருந்தபோது உள்ளே யாரோ சிரித்த சத்தம் கேட்டது. அதிகாரியின் சிரிப்பு. அவரே பொத்தானை அழுத்தி அழுத்தி வாலை ஆட்டிப் பார்த்தாராம். நீங்கள் பிறகு சொன்னீர்கள்.

கலியன்தான் முதலில் வெளியே வந்தார். மனைவியிடம் போகாமல் உங்களுக்காகத் திரும்பி நின்றார். நீங்கள் வந்ததும் கைகூப்பப் போனீர்கள். அவர் தடுத்துவிட்டு, "இன்னா ஆவப்போவுதோன்னு பயந்துக்கினே இருந்தேங்க. நீங்க வருவீங்கன்னு நெனைக்கலீங்க" என்றார். கொஞ்ச தூரம் போய், மறுபடி திரும்பி, "அது நெசமாவே மேல பறக்குங்களா?" என்று கேட்டார்.

உங்களை விட்டுவிட்டார்களே தவிர, டின்னையும் விமானத்தையும் வைத்துக்கொண்டார்கள். மேலிடத்துக்கு எழுதுவோம், முடிவு வரும்வரை ஊரைவிட்டுப் போகக்கூடாது என்றார்கள். கூட வேலை செய்தவர்கள் எல்லாம் பெர்மனென்ட் ஆனார்கள், உங்கள் பெயர் மட்டும் தள்ளித் தள்ளிப் போயிற்று. போர் நின்று, ஜன்னல் காகிதத்தைக் கிழித்த பிறகும், நீங்கள் ஷிப்டிலிருந்து கொஞ்சம் தாமதமானால் நான் தெருமுனைக்கு வந்து நிற்பேன். நீங்கள் ஒருமுறைகூட, போயிருக்கவேண்டாமோ என்று சொல்லவில்லை. நான் ஒரே ஒருமுறை கேட்டேன், கோபத்தில். "அவன் வீட்டுல சோறு இறங்கியிருக்காது. நமக்கு மட்டும் எப்படி இறங்கும்?" என்றீர்கள். அத்தோடு சரி.

பிறகு ஒவ்வொன்றாக எல்லாம் வந்து சேர்ந்தது. பெர்மனென்ட் ஆர்டர் முதலில், வெகுநாள் கழித்து லைசென்ஸ், அதன்பிறகு எஞ்சினும் அந்த டின்னும். டின்னின் மூலையில் துரு ஏறியிருந்தது. அன்றே பலகைமேல் புது விமானம் கட்ட உட்கார்ந்தீர்கள். எனக்குக் கோபமும் வந்தது, கூடவே என்னமோ நிம்மதியும் வந்தது.

புது விமானம் முதலில் பறந்த அன்று, நீங்கள் சைக்கிளில் போய்க் கலியனையும் அவர் மனைவியையும் பிள்ளையையும் அழைத்து வந்தீர்கள். அது ஏறி, சின்னப் புள்ளியாகி, வளைந்து திரும்பியபோது கலியன் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். டின்னை அவரிடம் நீட்டினீர்கள். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். "வேணாங்க, வேணாங்க."

"குடுங்க, நான் அமுக்கறேன்" என்று அவர் மனைவி வாங்கிக்கொண்டார். அழுத்தினார், திருப்பினார், பிள்ளையைவிட அதிகமாகச் சிரித்தார். பிறகு என்னிடம் கொடுத்தார். நான் அதுவரை அதைத் தொட்டதே இல்லை.

கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. விமானம் அதுபாட்டுக்குக் காட்டைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. "திரும்பலீங்க! போவுதுங்க!" என்று கத்தினேன்.

நீங்கள் என் கையைத் தொடவில்லை. "அதுக்குச் சேதி போயிடுச்சு. அவ்வளவு தூரத்துல இருக்கே, திரும்பறது நம்ம கண்ணுக்குத் தெரியக் கொஞ்ச நேரம் ஆகும். விரலை எடுத்துடாதே" என்றீர்கள்.

அப்புறம் ஒரு பக்கம் சாய்ந்தது. மெல்ல மெல்ல வளைந்து, நம்மைப் பார்த்து வந்தது.

போன வருஷம் நம் மகளுக்கு நெஞ்சில் ஆபரேஷன். அன்று இடுப்பில் இருந்தவளுக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்திவிட்டார்கள். நம் மாப்பிள்ளை வெளியே நடந்துகொண்டே இருந்தார். நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வெகுநேரம் கழித்து அவர் என் பக்கத்தில் வந்து குனிந்து, "ஏன் அத்தை கையை இப்படி அழுத்திக்கிட்டிருக்கீங்க? வலிக்குதா?" என்று கேட்டார். பார்த்தால், என் கட்டைவிரல் நாற்காலிக் கையைப் பிடித்து அழுத்திக்கொண்டிருக்கிறது, நகம் வெளுத்துப்போகிற அளவுக்கு.

"வலியெல்லாம் இல்ல மாப்பிள்ள. திரும்பறதுக்குக் கொஞ்ச நேரம் ஆவும். நீங்க குந்துங்க" என்றேன்.

அவர் உட்கார்ந்தார். நான் விரலை எடுக்கவில்லை.