அம்மா சைக்கிள் ஓட்டின நாள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதறது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒண்ணும் இல்லாம நல்லா இருப்பீங்கன்னு நம்பறேன். நாங்களும் சுகம்னு எழுதத்தான் கை போகுது, ஆனா இந்தத் தடவை அப்படி எழுதி மூடிட முடியாது. அம்மா கட்டில்ல மத்தியானத் தூக்கம் போடறா, நான் ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதறேன். போன்லயே சொல்லியிருக்கலாமேன்னு கேப்ப. உன் குரலைக் கேட்டா மறுபடியும் பொய்தான் வாயில வரும், எனக்கு என்னைத் தெரியும். லாட்ஜ்காரர் காகிதம் குடுத்தார், எழுதி முடிச்சதும் படம் எடுத்து இன்னைக்கே உனக்கு அனுப்பித் தரேன்னு சொல்லியிருக்கார். மாப்பிள்ளைக்கு முட்டி வலி தேவலையா, மாடிப்படி ஏறி இறங்கறதைக் கொஞ்ச நாள் நிறுத்தச் சொல்லு.

நேத்து எங்களைக் கூட்டிட்டு வந்த சுற்றுலாக்காரங்க ஒரு நாள் சைக்கிள் பயணம் வச்சிருந்தாங்க. வாய்க்கால் கரையோரமாவே பன்னெண்டு கிலோமீட்டர் போய், ஒரு பழத்தோட்டத்துல சாப்பிட்டுட்டு, சாயங்காலம் திரும்பறது. வீட்டை விட்டுக் கிளம்பி இருபத்தாறு நாளா பஸ்ஸுல உட்கார்ந்து இடுப்பு ஒடிஞ்சது போதும்னு நானும் பேர் குடுத்துட்டேன். வழிகாட்டிப் பொண்ணு அம்மாவைச் சந்தேகமாப் பார்த்துச்சு. முப்பத்தோரு வருஷம் ஊர் ஊரா சைக்கிள்ல போய்க் குழந்தைங்களுக்குத் தடுப்பூசி போட்ட நர்ஸம்மா இவ, உன்னையும் பின்னால உட்கார வச்சு ஓட்டுவான்னு எனக்குத் தெரிஞ்ச அரைகுறை பாஷையில அந்தப் பொண்ணுகிட்ட சொன்னேன். புரிஞ்சுதோ என்னமோ, சிரிச்சுச்சு. அம்மா ஏறினதை நீ பார்த்திருக்கணும். ஒரு காலை ஊனி ஒரு மிதி, அவ்வளவுதான், போயிட்டா. காலையில பொத்தான் போடத் தெரியாம கையைப் பார்த்துக்கிட்டு நின்ன மனுஷி, மேட்டுல மூச்சு வாங்காம ஏறறா. உன் அப்பாவுக்குத்தான் நாக்குத் தள்ளிருச்சு. ரெண்டு பக்கமும் வைக்கோலைச் சுருட்டிச் சுருட்டிப் போட்டிருந்தாங்க, ஆளே இல்லாத பாதையில பெல்லை அடிச்சுக்கிட்டுப் போறா. டாக்டர் சொன்னதெல்லாம் தப்புன்னுகூட எனக்குத் தோணிருச்சு. எந்த டாக்டர்னு நீ முழிப்ப. சொல்றேன், கொஞ்சம் பொறு.

பழத்தோட்டத்துல நான் தட்டு எடுக்கப் போய்த் திரும்பிப் பார்த்தா ஆளையும் காணோம் சைக்கிளையும் காணோம். எனக்கு உசிரே இல்ல. கூட வந்தவங்க ஆளுக்கு ஒரு பக்கமா ஓடினாங்க. ஒண்ணேகால் மணி நேரம்மா. வாய்க்கால் தண்ணியையே பார்த்துக்கிட்டு நான் கரையோரமா சைக்கிளை மிதிச்சேன். கடைசில ரெண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு மாட்டுப்பண்ணை வீட்டு வாசல்ல அவ சைக்கிள் ஒழுங்கா ஸ்டாண்டு போட்டு நிக்குது. உள்ள போனா, முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவிட்டு, அந்த வீட்டுக் கைக்குழந்தையை மடியில வச்சுக்கிட்டு, தோள்ல ஊசித் தழும்பு இருக்கான்னு பார்த்துக்கிட்டிருக்கா. பண்ணைக்காரம்மாவுக்கு நம்ம பாஷை தெரியல, ஆனா விஷயம் புரிஞ்சிருக்கு. குழந்தையைப் பிடுங்காம, பக்கத்துல நின்னு அம்மாவோட முதுகைத் தடவிக் குடுத்துக்கிட்டிருந்தாங்க. நான் அந்தப் புண்ணியவதியைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

இனிமே எழுதறதுதான் எனக்குக் கஷ்டம். போன வருஷக் கடைசியிலயே டாக்டர் சொல்லிட்டார், இது மறதி நோய், கொஞ்சம் கொஞ்சமா எல்லாம் போயிரும், போனது திரும்பாதுன்னு. அவளுக்குக் கொஞ்சமாவது தெரியும்போதே நாலு இடம் காட்டிரலாம்னுதான் இந்த நாப்பது நாள் பயணம். உன்கிட்ட ஓய்வு காலத்து ஆசைன்னு கதை விட்டேன். வாராவாரம் நீ போன்ல முகம் பார்த்துப் பேசும்போது, போனுக்குப் பின்னால நான் ஒரு அட்டையைப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன். உன் பேரு, மாப்பிள்ளை பேரு, சாப்பிட்டியான்னு கேளு, இவ்வளவையும் கொட்டை எழுத்துல எழுதி வச்சிருக்கேன். அதைப் படிச்சு முடிச்சா அவளுக்குப் பேச ஒண்ணும் இருக்காது, போனை என்கிட்ட நீட்டிருவா. அம்மாவுக்கு என்மேல கோவமாப்பான்னு போன மாசம் நீ அழுதுக்கிட்டே கேட்டப்ப, ஆமா, அவ்வளவு தூரத்துல போய் உட்கார்ந்துட்டியேன்னு வருத்தம், தானா சரியாயிரும்னு சொன்னேன். பாவி நான். உண்மையைச் சொன்னா நீ புது வேலையை விட்டுட்டு ஓடி வந்துருவியோன்னு பயந்து, இல்லாத கோவத்தை அவ தலையில கட்டிட்டேன். அவளுக்கு உன்மேல ஒரு நாளும் கோவம் கிடையாது. நீ அனுப்பின ஸ்வெட்டரை வெயில்லயும் கழட்ட மாட்டேங்கறா. யார் குடுத்ததுன்னு கேட்டாத்தான் முழிக்கறா. என்னை நாலு வார்த்தை திட்டணும்னா திட்டு, வாங்கிக்கறேன்.

திரும்பும்போது வண்டியில ஏத்தி விடறேன்னு வழிகாட்டிப் பொண்ணு சொல்லியும் அம்மா கேக்கல, ஓட்டிட்டுத்தான் வருவேன்னா. பக்கத்துப் பக்கத்துல மெதுவா மிதிச்சுக்கிட்டு வந்தோம். பாதி வழியில என்னைத் திரும்பிப் பார்த்து, சார், உங்க வீட்டுல குழந்தை இருக்கான்னு கேட்டா. முப்பத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு நான் சார் ஆயிட்டேன். ஒரு பொண்ணு இருக்குங்கன்னேன். ஊசியெல்லாம் போட்டாச்சான்னா. போட்டாச்சு, நீங்கதான் போட்டீங்கன்னேன். உனக்கு ஊசி போட்டுட்டு உன்னைவிட அதிகமா அழுதவ அவ, அதை எப்படிச் சொல்றது. ஒரு மேடு ஏறி இறங்கினா. அப்புறம், "எனக்கு ஞாபகம் வரலையே சார், ஒரு தடவை குழந்தையை என் கண்ணுல காட்டுங்க"ன்னா.

இன்னும் பதினாலு நாள்ல நாங்க வீட்டுக்குப் போயிருவோம். வருஷக் கடைசியில வரேன்னு சொன்னியே, அவ ஞாபகம் அவ்வளவு நாள் தாங்காது. மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கலைன்னா நீ மட்டும் வா. நீ யாருன்னு கேட்டாலும் கேப்பா, அதுக்கு மனசைத் தேத்திக்கிட்டு வா. ரெண்டு பேரும் நோய்நொடி இல்லாம நூறு வருஷம் நல்லா இருக்கணும், அவளுக்கும் சேர்த்து நானே வாழ்த்தறேன். டிக்கெட் எடுத்ததும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லு. காட்டறேன் நர்ஸம்மான்னு நான் அவகிட்ட சொல்லிட்டேன்.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அப்பா