உதிர்ந்த இலைகளும் வாப்பாவின் மூன்று விரல்களும்

அல் கூஸ், துபாய்
2 நவம்பர் 2006

மகன் ஆசிக்குக்கு உம்மாவின் ஸலாம். இங்கே நானும் உன் தங்கை ரம்ஸியாவும் சுகம், வாப்பா சுகமில்லை. அமெரிக்காவில் உன் மரங்கள் சுகமா என்று எழுது, அதைத்தானே நீ எழுதுவாய்.

நோன்பு இருபதில் நான் போன் செய்தபோது நீ முழுவதும் சொல்லவிடவில்லை, இப்போது சொல்கிறேன். பட்டறையில் பீச் மரப் பலகை அறுக்கும்போது பலகை எகிறி, வாப்பாவின் வலது கை மெஷினுக்குள் போய்விட்டது, மூன்று விரல் இல்லை. பக்கத்துப் பட்டறை ரவிசங்கர்தான் துண்டைச் சுற்றி வேனில் ஏற்றிப் போனார். ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும் ஆசிக் எப்ப வர்றான் என்று கேட்டார், அதற்காகத்தான் கூப்பிட்டேன். நீ என்ன சொன்னாய், இந்த ரெண்டு வாரந்தான் காட்டுல இலை உதிரும் உம்மா, மரத்தடியில வச்ச கூடையில விழுந்த மேப்பிள், பிர்ச், பீச் இலையெல்லாம் இனம் பிரிச்சு எடை போடணும், இப்ப விட்டா ஒரு வருஷ ஆராய்ச்சி போயிடும் என்றாய். வாப்பாவுக்கு விரல் முளைக்குமா என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

உனக்கு லீவு கிடைக்கவில்லை என்று அவரிடம் பொய் சொன்னேன், நோன்பு வைத்துக்கொண்டு சொன்னேன். அவர் அதை நம்பி, போன குளிர்காலத்தில் நீ அனுப்பிய படங்களை வீட்டிலிருந்து வரவழைத்து வார்டு முழுக்கக் காட்டினார். பனி சுமந்து நிற்கும் ஸ்ப்ரூஸ், பட்டை சுருள் சுருளாக உரியும் மஞ்சள் பிர்ச், யானைக்கால் போல் சாம்பல் நிறத்தில் பீச். அந்தப் பீச் மரத்தை மட்டும் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, இத்தனை வருஷமா அறுக்குறேன், நிக்கிறப்ப இப்படியா இருக்கும் என்று கேட்டார். எனக்கு அதைக் கிழித்துப் போடலாம் போல இருந்தது. பெருநாளன்று உன் குரல் கேட்டதும் போனை வைத்தவள் நான்தான், லைன் கெட்டுப்போகவில்லை.

நேற்று ரம்ஸியா வாய் தவறி உண்மையைச் சொல்லிவிட்டாள். அதற்கு வாப்பா, இலை அவனுக்காக நிக்காது, நான் நிப்பேன்னு அவனுக்குத் தெரியும், அவன ஏசாத என்றார். நான் ஏசிவிட்டேன்.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ, தொழுகையை விடாதே, அல்லாஹ் உன்னைப் பாதுகாக்கட்டும். இந்நேரம் இலையெல்லாம் விழுந்து முடிந்திருக்கும். டிக்கெட் எடுத்த பிறகு போன் செய், வாப்பாவிடம் நீயே தேதியைச் சொல்.

இப்படிக்கு,
கோபம் ஆறாத உம்மா
அஸ்மத் பீவி