ரிஸிகி வாங்கிய காங்கா

ஜூலை 4
காலையிலிருந்து வந்தவர்கள் எல்லாம் காங்காத் துணியைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்கள். எங்கள் டாங்கா ஊர்க் கடைத்தெருவே போனுக்குள் குடிபோய்விட்டது. தங்கை டாட்டு கத்திவிட்டாள். "நீ இப்படியே ஈ ஓட்டிக்கிட்டு இரு அக்கா. எதிர்க்கடைக்காரி படுத்துக்கிட்டே போன்ல விக்கிறா." சரி, நம் கடையையும் போனில் போட்டுத் தொலை என்றேன்.

ஜூலை 9
காங்காக்களை எல்லாம் படம் பிடித்து ஏற்றிவிட்டாள். கரையில் இருக்கும் வாசகம் பளிச்சென்று தெரிய வேண்டுமாம். நானோ வாசகத்தை உள்ளே வைத்து மடித்துக் கொடுத்தே பழகியவள். சக்களத்திக்கு ஒரு குத்தல், மாமியாருக்கு ஒரு பதில் என்று ஒவ்வொருத்தியும் ஒரு காரணத்தோடு வாங்குவாள். அது என்னோடு போகும். டாட்டு சிரிக்கிறாள். "ஒளிச்சு வச்சா யாருக்கா வாங்குவா?"

ஜூலை 15
ஆர்டர் வருகிறது. பொய் சொல்வானேன், சந்தோஷமாக இருக்கிறது.

ஜூலை 18
ரிஸிகி நேரில் வந்தாள். தாடை வீங்கியிருந்தது. 'பாயைச் சுருட்டிவிட்டேன், இனி நீயே படுத்துக்கொள்' என்ற காங்காதான் வேண்டும் என்றாள். "வெள்ளிக்கிழமை அந்தாளு தொழுகைக்குப் போனதும் மொம்பாசா பஸ் ஏறிடுவேன்க்கா. இத கட்டில்மேல விரிச்சுட்டுப் போறேன். வாயால சொல்ல தைரியம் இல்ல." மடித்துக் கொடுத்து அனுப்பினேன். விற்றதைப் பதியாவிட்டால் டாட்டு திட்டுவாளே என்று போனில் அந்தக் காங்காவைத் தொட்டு 'ரிஸிகி' என்று தட்டினேன். மற்றதை அதுவே நிரப்பிக்கொண்டது. கெட்டிக்காரப் பெட்டி.

ஜூலை 19
மீன் விற்கும் சுபீரா ஓடிவந்தாள். "ரிஸிகி புருஷன் கோம்போ அவள போன காட்டிக் காட்டி அடிச்சானாம். உங்க கடையிலேர்ந்து என்னமோ வந்துச்சாமே?"

நன்றிச் செய்தியாம், டாட்டு சொல்கிறாள். வாங்கியவருக்குத் தானாகப் போகுமாம். படத்தோடு, வாசகத்தோடு. என் போனிலிருந்த எண்களைத்தான் டாட்டு அதில் ஏற்றியிருந்தாள். ரிஸிகி பெயரில் நான் வைத்திருந்தது அவள் புருஷன் எண் — அந்த வீட்டில் ஒரே போன்தானே. ஐயோ, நானே தட்டினேனே. இந்தக் கையாலதானே தட்டினேன்.

ஜூலை 20
அவள் வீட்டுக்குப் போனேன். கோம்போதான் கதவைத் திறந்தான். "தூங்குறா. அப்புறம் வாங்கக்கா." மரியாதையாகத்தான் சொன்னான். அதுதான் பயமாக இருந்தது.

ஜூலை 21, வெள்ளி
மொம்பாசா பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

ஜூலை 27
கோம்போவின் எண்ணிலிருந்து ஆர்டர். 'என் கணவன் என் தலைமேல் கிரீடம்.' ரிஸிகிக்குக் கொடுக்க வேண்டுமாம். பணமும் கட்டிவிட்டான்.

அனுப்ப மாட்டேன் என்றேன்.

"அனுப்பலேன்னா அதுக்கும் அவளத்தான் உதைப்பான்," என்றாள் டாட்டு.

அவள் சொல்வதும் சரிதானே? வேறு என்ன செய்ய முடியும் என்னால்? வாசகத்தை உள்ளே வைத்து மடித்தேன்.

ஆகஸ்ட் 6
சந்தையில் ரிஸிகி. அந்தக் கிரீடக் காங்காவைத்தான் கட்டியிருந்தாள், வாசகம் எல்லார் கண்ணிலும் படும்படி. அவன் பின்னாலேயே வந்தான். அவள் என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

கடைக்கு வந்து போனைத் திறந்தால், கோம்போ ஐந்து நட்சத்திரம் போட்டிருக்கிறான். 'என் மனைவிக்கு மிகவும் பிடித்துவிட்டது.' நல்ல வார்த்தை சொன்னால் அது தானாகவே முதல் பக்கத்துக்கு வந்துவிடுமாம். காலையிலிருந்து அதே காங்காவுக்கு ஆர்டர் வந்துகொண்டிருக்கிறது.