பட்டாள ஆஸ்பத்திரியில் எரிந்த விளக்கு

ஆவணி 1, ஞாயிறு

விடியும்போதே புழுக்கம். மழை போக்குக் காட்டிவிட்டுப் போய்விட்டது. ஆட்களைக் கூட்டிப் போய்ப் பழைய கட்டடங்களைக் காட்டும் என் பாரம்பரிய நடை, இன்று: ஆற்றோரத்துப் பழைய பட்டாள ஆஸ்பத்திரி. அனுமதிக்கு அலைந்த அலைச்சல் எனக்குத்தான் தெரியும். எடுத்துப் போனவை: கழுத்து மைக், குடை, குளுக்கோஸ், கொசுத் தைலம். மறந்தது: டார்ச்.

கிளம்பும்போதே சங்கரி ஆரம்பித்துவிட்டாள். "மைக்க மாட்டுனா ஒங்களுக்குச் சாமி வந்துரும். கடையில ஒரு சேலைய விரிச்சுக் காட்ட அலுப்பு. இடிஞ்ச செவுத்தக் காட்டச் சொன்னா நாள் பூரா காட்டுவிய." பெண்டாட்டி சொன்னால் சரியாகத்தான் இருக்கும். பாண்டி பஜார் பட்டுக்கடை அப்பா வைத்தது, அண்ணன் நடத்துவது. நான் கல்லாவில் உட்காருகிறவன். மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும் பத்துப் பேர் என் வாயைப் பார்க்கிறார்கள். அதை விட மனசில்லை.

கட்டடம் அருமை. முன்பாதியில் அரசாங்க ஸ்டோர், பழைய ஃபைல் மூட்டைகள். பின்பாதி பாழ். நீள வார்டு. கூரை ஓரிடத்தில் திறந்து வானம் தெரிகிறது. சுவரில் கட்டில் எண்கள் மங்கலாக. தரையெல்லாம் புறா எச்சம். காயம்பட்ட சிப்பாய்கள், காலரா, சுண்ணாம்புக் காரை என்று வெளுத்து வாங்கினேன். கேமராவோடு வந்த ஐ.டி. இளைஞன் ஒருவன் என்னை விட்டு நகரவே இல்லை. அதில் எனக்கு இன்னும் குஷி.

வார்டின் கோடியில் ஒரு சின்ன அறை. தரையில் அகல் விளக்கு எரிகிறது. பக்கத்தில் செம்புத் தண்ணீர், கண்ணாடி டம்ளரில் டீ, ஒரு கட்டு பீடி. படம் இல்லை, சிலை இல்லை. எனக்குப் புல்லரித்துவிட்டது. எங்கள் திருநெல்வேலிப் பக்கம், செத்துப்போன வெள்ளைக்கார துரைக்குச் சுருட்டும் சாராயமும் படைத்துக் கும்பிடுவார்கள் என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். அதே வழக்கம் சென்னையில்! விடுவேனா. இங்கே செத்த ஏதோ ஒரு சிப்பாயை ஜனங்கள் சாமியாக்கிவிட்டார்கள், யாரோ ரகசியமாக வந்து விளக்கேற்றுகிறார்கள் என்று மைக்கில் முழங்கினேன். எல்லோரும் ஷூவோடு உள்ளே. ஆளாளுக்கு வீடியோ.

வாசலில் ஓர் அம்மா குடத்தோடு நின்றிருந்தாள். "கொஞ்சம் தள்ளிக்குங்கம்மா, வீடியோல விழுறீங்க" என்றேன். நான்தான் சொன்னேன். தள்ளி நின்றாள்.

கூட்டத்தில் இருந்த மயிலாப்பூர் மாமி அவளிடம் கேட்டாள், "இது எந்த ஸ்வாமிம்மா? யார் ஏத்தறா?"

"சாமி இல்லம்மா. எங்க ஊட்டுக்காரு. இங்க வாச்மேனா இருந்தாரு. போன வாரம் தவறிட்டாரு. போட்டோ பெர்சு பண்ண குட்த்துகீது, இன்னும் வர்ல."

பெயர் சரசு. வெளியே தார்ப்பாய் மறைப்புக்கு அந்தப் பக்கம்தான் அவள் வீடு. மாமி மட்டும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். நான் மைக்கை அணைக்கப் பொத்தானைத் தடவிக்கொண்டிருந்தேன்.

சாவு வீட்டு விளக்கு எனக்குத் தெரியாததா? அப்பா போனபோது எங்கள் வீட்டுக் கூடத்தில் காரியம் முடியும்வரை எரிந்ததே. அங்கே ஒரு குடும்பம் இருக்கும் என்று தோன்றவே இல்லை. டீயைப் பார்த்தவன் டீ போட்டவளைப் பார்க்கவில்லை. வெட்கம். சாயங்காலம் சங்கரியிடம் சொன்னேன். "செத்த வீட்டுக்குள்ள செருப்போட நின்னியளா?" என்றாள். பிறகு, துக்கம் விசாரிப்பதற்கு எங்கள் ஊரில் சொல்கிற வார்த்தையில், "ஒரு நாள் முறையா துட்டி கேட்டுட்டு வரணும்."

ஆவணி 2, திங்கள்

கேமரா இளைஞன் வீடியோ போட்டுவிட்டான். தலைப்பு: பேய்க்கு விளக்கேற்றும் மர்ம ஆஸ்பத்திரி. பின்னணியில் என் குரல். இவ்வளவு கர்வமாகவா பேசுகிறேன்? கேட்கச் சகிக்கவில்லை. போன் போட்டேன். "சார், செமயா போய்ட்டிருக்கு. இப்பப் போய் எடுக்கச் சொல்றீங்களே!" கெஞ்சிக் கூத்தாடி எடுக்க வைத்தேன். அதற்குள் நாலு குரூப்பில் சுற்றிவிட்டது. ரங்கநாதன் தெருவில் கடை வைத்திருக்கும் மச்சான் எனக்கே அனுப்புகிறான், சிரிக்கிற பொம்மையோடு.

கடையில் முகூர்த்தக் கூட்டம். ஒருவர் பையை இன்னொருவருக்குக் கொடுத்தனுப்பினேன். அண்ணன் எல்லோர் முன்னாலும் கத்தினான். இன்று அவன் கத்தியது உறைக்கவே இல்லை.

ஆவணி 4, புதன்

வெயில். ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போனேன், மன்னிப்புக் கேட்க. செருப்பை வெகுதூரத்திலேயே கழற்றினேன், காலில் கண்ணாடிச் சில்லு குத்தியது. சரசு சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆபீஸ்ல அந்த வீடியோவ பாத்துட்டாங்க சார். ஆளே செத்துட்டான், நீ எப்டி உள்ள கீறேன்னு கேக்குறாங்க. காரியம் வரிக்கும் உடுங்கன்னு கால்ல வியாத கொற. நாளைக்கு காலி பண்ணியே ஆவணுமாம்."

அதாவது என்னால். அவள் அப்படிச் சொல்லவில்லை.

கோட்டூர்புரத்தில் சரசுவின் அக்கா வீடு இருக்கிறது, அவள் அங்கே போய்விடுவாள். விளக்குக்குத்தான் இடமில்லை. அக்கா மகள் நிறைமாதம். "புள்ளத்தாச்சி கீற ஊட்டுக்கு சாவு வெளக்க எட்த்துக்கினு போவ முடியுமா சார்? அது அணையவும் கூடாது."

நான் உடனே நெஞ்சில் கை வைத்து, "தப்பு என்னுது. எந்த உதவின்னாலும் கேளுங்கம்மா" என்றேன். மைக் இல்லாமலே அந்தக் குரல் வந்துவிட்டது.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "கடை வெச்சிகீறேன்னு அன்னிக்கு பேசிக்கினு இருந்தீங்களே. பின்னால குடோன் கிடோன் இருந்தா ஒரு மூல போதும் சார். நானே வந்து எண்ண ஊத்திக்கிறேன்."

குடோனில் இப்போது முழுக்கக் கூரைப்புடவை. ஊரார் வீட்டுக் கல்யாணப் பட்டு. அதற்குப் பக்கத்தில் செத்தவர் விளக்கு. "வீட்டுல கேட்டுட்டுச் சொல்றேன்." எப்படித்தான் வந்ததோ அந்த வார்த்தை. அவள் தலையாட்டினாள். என் நம்பரை வாங்கிக்கொண்டாள்.

திரும்பி வந்து குடோனைப் பார்த்தேன். படிக்கட்டுக்குக் கீழே காலி அட்டைப் பெட்டிகள்தான். தள்ளினால் இடம்.

ஆவணி 5, வியாழன்

கேட்கவில்லை.

காலையில் காபி குடிக்கும்போது சங்கரியிடம் வாயெடுத்தேன். கியாஸ் புக் பண்ணியாச்சா என்று கேட்டு முடித்தேன். அண்ணனிடம் பேச்சே எடுக்க முடியாது. பெண் வீட்டார் பட்டு எடுக்கும்போது கடையில் யாரும் தும்மினால்கூட முறைப்பான். அவன் நம்பிக்கை அப்படி. என் நம்பிக்கை எப்படி? ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குச் சகுனம் கிகுனம் எதுவும் கிடையாது. எல்லாமே வரலாறு. வியாழக்கிழமை, சொந்தக் குடோன் என்றதும் அண்ணனைவிட எனக்குத்தான் பயம்.

கடை திறக்கும் நேரத்துக்கு சரசுவின் போன். சட்டி பானையெல்லாம் வண்டியில் ஏற்றியாகிவிட்டது, விளக்கு மட்டும் கையில். "எங்க எட்த்தாரட்டும் சார்?"

"கேட்டேம்மா. எங்க வீட்டுல ஒத்துக்கல. கல்யாணப் பட்டு இருக்கிற இடம், அதான் அவ பயப்படுறா."

தடங்கலே இல்லாமல் வந்தது.

"பர்வால்ல சார். அவங்க சொல்றதும் கரீட்டுதான். ஊட்டம்மாவாண்ட சண்ட போடாதீங்க."

மதியம் நல்ல மழை. கடை வாசலில் ஒதுங்கியவர்களை அண்ணன் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தான். நல்லவன்தான். கேட்டிருக்கலாம்.

ஆவணி 7, சனி

மேகமூட்டம். தறிக்காரர்கள் வரவில்லை. பல்வலி, இடது பக்கம். கிராம்பு.

மதியம் சங்கரி வீட்டில் இல்லை. கோயிலுக்குப் போயிருப்பாள் என்று நினைத்தேன். சாயங்காலம் வந்தாள். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள். "ஒங்க போன்லருந்து நம்பர் எடுத்தேன். அந்தப் பொம்பளகிட்ட துட்டி கேட்டுட்டு வாரேன்."

கையில் இருந்த கிராம்பை வாயில் போட்டுக்கொண்டேன்.

"வெளக்கு எங்க இருக்குன்னு கேக்க மாட்டியளா?"

"எங்க?"

"ஒல்காட் குப்பத்துல. அவ தம்பி வல போட்டு வைக்கிற கொட்டாய். கதவு கெடையாது. கடக்காத்து அந்த அடி அடிக்கி. ஒடஞ்ச வாளியக் காத்துக்கு மறைப்பா வச்சுக்கிட்டு, அவ பக்கத்துலயே ஒக்காந்துருக்கா. அக்கா வீட்டுக்குத் தூங்கக்கூடப் போகல." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "என்னயப் பாத்ததும் எந்திரிச்சுட்டா. நீங்க மனசுல ஒண்ணும் வெச்சிக்காதீங்கம்மா, பட்டு கீற எடத்துல வேணான்னீங்க, அது நாயந்தானேன்னு என்னயத் தேத்துதா."

"நீ என்ன சொன்ன?" என்றேன்.

"என்னத்தச் சொல்ல? ஆமா, நாந்தான் வேண்டாம்னேன், மன்னிச்சிருங்கன்னேன்."

என்னைத் தாண்டிக் கொல்லைப்பக்கம் போனாள். துட்டி கேட்டுவிட்டு வந்தவள், குளிக்க வேண்டும். தண்ணீர் விழும் சத்தம் கேட்கிறது. குளித்துவிட்டு வருவாள். அவள் முகத்தை நான் பார்த்தாக வேண்டும்.